மூலவரும் ரேடியமும்

எங்கள் வகுப்புக்கு வேதியியல் எடுத்தவர் என் சித்தி, அம்மாவின் தங்கை. வீட்டில்தான் சித்தி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாய் தவறினால் முட்டி போட வேண்டியதுதான். அவருக்கு அப்போது தற்காலிக வேலை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் அதிகாரி நல்லபடியாக எழுதினால் நிரந்தரமாகும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் இந்தப் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா வேண்டாத தெய்வமில்லை. காஞ்சிபுரத்தில் தெய்வத்துக்குப் பஞ்சமா என்ன!

அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் சித்தி பாடத்திலேயே எங்களைக் கோயிலுக்குள் கூட்டிப்போனார். நடுவில் கருவறை, அதுதான் அணுக்கரு. சுற்றிலும் பிராகாரங்கள், அவற்றில் எலக்ட்ரான்கள் வலம் வருகின்றன. முதல் பிராகாரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம், அடுத்ததில் எட்டுப் பேர். எங்கள் ஊர் ஜனங்கள் எந்தத் திருவிழாவில் இவ்வளவு ஒழுங்காகச் சுற்றினார்களோ தெரியாது. ஆனால் வகுப்பின் மக்குப் பிளாஸ்திரிகளுக்கும் ஒரே நாளில் அணு புரிந்துவிட்டது.

அதிகாரி வந்த அன்றும் அதே பாடம்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். "சந்தேகம் இருந்தா கேளுங்கம்மா" என்று சித்தி சொன்னதுதான் தாமதம், நான் எழுந்துவிட்டேன்.

"டீச்சர், பங்குனி உத்திரத்துக்கு சாமி பொறப்பட்டு வீதியெல்லாம் சுத்திக்கினு வர்றாரே, அந்த மாதிரி அணுக்கருவும் வெளியே வருமா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சித்தி வாயைத் திறப்பதற்குள் அதிகாரியே முந்திக்கொண்டார்.

"பொறப்படறது உற்சவர்மா. மூலவர் எங்கியும் போவமாட்டாரு. அணுக்கருவும் அப்படித்தான். உக்காரு."

பதில் கச்சிதமாக இருந்தது. தப்பித்தோம் என்று நான் உட்காரப் போனேன். சித்தி விடவில்லை.

"இல்ல சார். ரேடியம் மாதிரி சில அணுவுல கருவே ஒடஞ்சி ஒரு துண்டு வெளியே வந்துடுது. அப்புறம் அது ரேடியமே இல்ல, வேற தனிமம். கோயில் உவமானம் அது வரைக்கும் வராது. இங்கயே விட்டுடணும்."

அதிகாரியின் முகம் சுண்டிப்போயிற்று. கோடை விடுமுறையில் சேதி வந்தது, வேலை நிரந்தரமாகவில்லை. எங்கோ வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக சித்தி பெட்டியில் புடவைகளை அடுக்கினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அவரே காப்பாத்தி விட்டாரே சித்தி, நீ சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"கேள்வி கேட்டது அவரு இல்லியேம்மா, நீதானே?" என்றார் சித்தி.

இதெல்லாம் ஒரு பதிலா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வயதிலேயே என்னை அவர் எவ்வளவு பெரிய மனுஷியாக மதித்தார் என்பது விளங்க, நான் நிஜமாகவே பெரிய மனுஷியாக வேண்டியிருந்தது.