ஹீத் சேவல் யாருக்காக ஆடியது

புரூடென்ஸ் நார்ட்டன் வாய்க்குப் பயப்படாதவர்கள் வின்யார்ட் தீவில் கிடையாது. முட்டை விற்றே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். மரபணு ஆய்வகம் ஒன்றிலிருந்து இங்கிரிட் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். தீவில் அழிந்துபோன ஹீத் கோழி என்ற காட்டுப்பறவையை, உறவுக்காரப் பறவையின் மரபணுவைத் திருத்தி மீட்கப்போகிறோம், முட்டையை உங்கள் கோழி அடைகாக்குமா என்று கேட்டாள். புரூடென்ஸ் அவளை வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"சுட்டுத் தின்னே தீர்த்தது எங்க பாட்டன்மாருங்க. நூறு வருஷம் கழிச்சு நீங்க எழுப்பி விடுவீங்களாக்கும்! கடவுள் வேலையில உங்களுக்கு என்ன சோலி?"

ஆனாலும் அடைக்கோழியைக் கொடுத்தாள். மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பொரித்ததில் ஒரே ஒரு சேவல்குஞ்சு தங்கியது. "கையால தீனி வைக்காதீங்கம்மா, முகத்தைக் காட்டாதீங்க, உங்களையே தன் இனம்னு நெனச்சுக்கும்" என்று இங்கிரிட் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். ஒரே வாரத்தில் அடைக்கோழி அதைக் கொத்தி விரட்டியது. குளிரில் சுருண்ட குஞ்சைப் புரூடென்ஸ் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் தீனி ஊட்டினாள். அந்தத் தீவில் கோழி வளர்க்கும் எவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

மறு ஏப்ரலில் ஒரு விடியல். வலையடைத்த புல்வெளியில் இருவரும் நின்றிருந்தார்கள். சேவலின் கழுத்து இறகுகள் கொம்புபோல் நிமிர்ந்தன. கழுத்தின் இரு பக்கமும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பைகள் உப்பின. கால்கள் தரையைப் படபடவென்று மிதித்தன. அப்புறம் ஒரு முழக்கம், காலிக் குடத்தின் வாயில் ஊதினாற்போல.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பெட்டையை அழைக்கும் அந்த ஆட்டத்தைப் பார்த்த உயிர் ஒன்றுகூட இன்று இல்லை. மண்ணோடு மண்ணாய்ப் போனது அப்படியே எழுந்து வந்து ஆடுகிறது! புரூடென்ஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இங்கிரிட் அழுதேவிட்டாள். "ஜெயிச்சிட்டோம்மா!"

"அது யாரைப் பாத்து ஆடுது, பாரு" என்றாள் புரூடென்ஸ்.

சேவல் அவளுடைய பூட்ஸைச் சுற்றிச் சுற்றி ஆடியது. நடுநடுவே தலைதூக்கி அவள் முகத்தைப் பார்த்தது.

"இதுக்கு ஜோடி எப்ப வரும்?"

"மூணு வருஷம் ஆகலாம்."

"அதுவரைக்கும் இது இருக்குமா?"

இங்கிரிட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த இனத்துக்கு ரெண்டு மூணு வருஷம்தாம்மா ஆயுசு."

"பாவி, நான்தானே ஊட்டினேன்" என்று புரூடென்ஸ் ஈரப்புல்லில் மண்டியிட்டாள். சேவல் அவள் எதிரே வந்து மறுபடி முழங்கியது. முழங்கிவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றது.