குடிதண்ணீர்க் குளத்தில் கழுவிய சங்கிலி

முதல் தடவை அந்தக் குளத்துக்கு நான் நடந்துதான் போனேன். நல்ல கோடை. மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். மணப்பாறைப் பக்கம் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி, இலுப்பூருக்கு மேற்கே செம்மண் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. குளத்தைப் பார்த்ததும் காலை நனைக்கலாம் என்று படியில் இறங்கினேன்.

தண்ணீர் எடுக்க வந்திருந்த ஒரு அம்மாள் தடுத்தார். "தம்பி, அது குடிக்கிற தண்ணி. எங்க ஊர்ல பச்சப்புள்ளகூட அதுல கால் வைக்காது. குளிக்கிறது, மாடு கழுவுறதெல்லாம் அங்கிட்டு கண்மாயில."

அவர் கடைசிப் படியில் நின்று குனிந்து, செம்பால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினார். பிறகு என் கையில் தண்ணீர் ஊற்றினார். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கம்பங்கஞ்சியும் வெங்காயமும் கொடுத்தார். புறப்படும்போது, "எந்த ஊருக்குப் போனாலும் கேட்டுட்டு எறங்கு" என்றார்.

மணப்பாறையில் வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கெங்கோ சுற்றி, திருமயம் பக்கம் ஒரு வட்டிக்கடை முதலாளி வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டேன். முதலாளி ரங்கூனில் இருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் கொட்டகையில் நின்றது. அதைத் துடைத்து வைப்பதும், துருப்பிடிக்காமல் வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் என் வேலை. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது முதலாளிக்காக வீட்டைக் கவனித்துவந்த காரியக்காரர் போட்ட சட்டம். ஒரு தை மாதத்தில் அவர் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ தேவகோட்டை போனார். மறுநாள் விடிவதற்குள் நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

எதற்காகப் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கஞ்சி குடித்துப் போனவன் எப்படி வந்திருக்கிறான் என்று அந்த அம்மாள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். முதலாளி விட்டுப்போன கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன், அவருடைய கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன். சட்டைப் பையில் அந்த அம்மாளுக்காகக் கால் வீசை கற்கண்டு வைத்திருந்தேன்.

பனி முகத்தில் அறைந்தது. புதுக்கோட்டையைத் தாண்டும்போது விரல்கள் இருக்கிற உணர்வே இல்லை. இரண்டு இடத்தில் நிறுத்தி, எஞ்சின் சூட்டில் கையைக் காட்டினேன். இலுப்பூருக்கு அப்பால் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு வாரியைத் தாண்டியபோது சங்கிலியில் சேறு ஏறிக் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. அதோடுதான் போய்ச் சேர்ந்தேன்.

குளத்தில் ஆளில்லை. தண்ணீர் மேல் புகைபோலப் பனி நின்றது. நாரை ஒன்று எழுந்து அக்கரைக்குப் போனது. இந்தச் சத்தத்தோடு ஊருக்குள் போனால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சங்கிலியைக் கழற்றினேன். வண்டிப் பையில் கொண்டுவந்திருந்த மண்ணெண்ணெயை ஒரு தகர டப்பாவில் ஊற்றி ஊறவைத்து, பழந்துணியால் தேய்த்தேன். டப்பா முழுக்கக் கறுத்தது.

கண்மாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கரையைச் சுற்றி அரை மைல். குளத்துப் படியோ பத்தடி. யார் பார்க்கிறார்கள், ஒரு தடவைதானே என்று டப்பாவோடு இறங்கினேன். கணுக்கால் தண்ணீரில் நின்று சங்கிலியை அலசினேன். அடுத்த படியில் வைத்திருந்த டப்பாவை எடுக்கும்போது, விறைத்த விரல்களிலிருந்து அது நழுவிக் கவிழ்ந்தது.

எண்ணெய் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. கீழ்க்காற்று அதைப் படித்துறை நெடுக விரித்துக்கொண்டே போனது. வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக மின்னியது. நான் சங்கிலியைப் பிடித்தபடி நின்றேன். அப்போதுதான் குடங்கள் வந்தன.

முதலில் வந்தது அந்த அம்மாள்தான். தண்ணீரைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"ஐயா, எந்த ஊருங்க?"

"வெளியூருங்க. இது குடிக்கிற தண்ணின்னு தெரியாது."

அவர் ஊர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

ஆண்கள் வந்தார்கள். என்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் மட்டும், "மோட்டார் வந்திருக்குன்னு வேடிக்க பாக்க வந்தேன். கொளத்துக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டவுல்ல வந்திருக்காரு தொர" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மழை ஐப்பசியில்தான். அதுவரை முழு ஊருக்கும் அதுதான் தண்ணீர்.

எண்ணெயை எடுக்க வேண்டுமென்றால் உள்ளே இறங்க வேண்டும். அதற்குத்தான் அவர்கள் தயங்கினார்கள். கடைசியில் ஒரு பெரியவர் கால்களை வைக்கோலால் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பொறுத்துக்க ஆத்தா" என்று சொல்லி இறங்கினார். மற்றவர்களும் அப்படியே இறங்கினார்கள். பழைய சேலைகளை முடிந்து, இரண்டு முனையிலும் ஆள் பிடித்து, தண்ணீரின் மேல்தோலை மட்டும் கரைக்கு இழுத்தார்கள். ஒதுங்கியதன் மேல் வைக்கோலைப் போட்டு ஒற்றி எடுத்தார்கள். திரும்பவும் இழுத்தார்கள். மார்பளவுத் தண்ணீரில் குளிரில் அவர்களுடைய பல் தந்தியடித்தது எனக்குக் கேட்டது.

நானும் கால்சட்டையை மடித்துக்கொண்டு போனேன். சேலை முனையைப் பிடித்திருந்தவர், "நீங்க எறங்க வேணாங்க. எறங்குனவரைக்கும் போதும்" என்றார்.

உச்சி வெயில் வரைக்கும் கரையில் நின்றேன். சங்கிலியை மாட்டிவிட்டேன். வேறு செய்வதற்கு எதுவும் இல்லை. மின்னுவது நின்றிருந்தது. ஆனால் பெரியவர் ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். "ஒரு மாசமாவது ஆவும். அதுவரைக்கும் பக்கத்தூருக்குத்தான் நடக்கணும்" என்றார். பக்கத்து ஊர் இரண்டு மைல்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியபோது அந்த அம்மாள் ஒரு செம்போடு வந்தார்.

"நேத்து மொண்ட தண்ணி. காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்கிறீங்க. குடிங்க."

நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. வாங்கிக் குடித்தேன். அவர் செம்பைத் திரும்ப வாங்கும்போது தணிந்த குரலில் சொன்னார்:

"நடந்து வந்தப்போ சொன்னதக் கேட்டே, தம்பி."

நான் யாரென்று அவர் மற்றவர்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். கற்கண்டுப் பொட்டலத்தின் மேல் கை போனது. எடுத்து நீட்ட முடியவில்லை.

இலுப்பூர் தாண்டியதும் பசி கண்ணை மறைத்தது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, அந்தக் கற்கண்டை நானே தின்றேன். என் விரலிலிருந்த மண்ணெண்ணெய் வாடை அதிலும் இருந்தது.