வீரமுத்துவின் நாற்பத்தொரு இறால்கள்

வீரமுத்து அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஜொகூரில், காஹாங் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், லாரி கொட்டிவிட்டுப் போகும் பழக்குலைகளைத் தரம் பார்க்கிறவர். கையில் ஒரு கொக்கிக் கம்பி. குலையைப் புரட்டுவார், ஒரு தட்டு தட்டுவார், "காய்" என்பார். அடுத்ததைப் புரட்டுவார், "பழம்" என்பார். காலை ஏழு மணியிலிருந்து மாலை வரை இந்த இரண்டு வார்த்தைதான். வாயைத் திறந்து வேறு ஏதாவது சொன்னால் எங்களுக்குக் கொண்டாட்டம். பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலுமாக, ஓட்டை சைக்கிள் பம்பில் காற்றடிப்பதுபோல வரும் குரல் அது. ஆலையில் அந்தக் குரலில் பேசிப் பார்க்காத ஆளே கிடையாது. நான் பேசினால் மட்டும் அவரே திரும்பிப் பார்ப்பார்.

பிறந்தது சாஆ என்கிற ஊரில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. கல்யாணமும் ஆயிற்று. மனைவி ஜொகூர் பாருவுக்கு அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அக்கா மொகம் ரொம்பப் பெருசு போல லா, இன்னும் பாத்து முடியல," என்பான் எங்களோடு பாய்லரில் வேலை செய்யும் விஜயன். அவர் இருக்கும்போதேதான் சொல்வான்.

அவரிடம் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. பெரியவர்கள் யாராவது போனில் கூப்பிட்டால் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். காய்ச்சலில் படுத்திருந்த நாளில் மேனேஜர் கூப்பிட்டதற்கும் பாயை விட்டு எழுந்து நின்றாராம்.

அப்படிப்பட்டவர் தோட்டத்து மண்சாலையில் லாரிச் சக்கரம் பறித்த ஒரு பள்ளத்தில் இறாலைக் கண்டுபிடித்தார். மழை பெய்து பள்ளம் நிறைந்தால் ஒரே நாளில் பொரித்துவிடும். நகக்கண் நீளம், உடம்பு கண்ணாடி மாதிரி. மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு வரிசைக் கால்களையும் வானத்தைப் பார்த்து அசைத்துக்கொண்டே நீந்தும். மூன்று வாரத்தில் ஆயுள் முடிந்துவிடும். அதற்குள் முட்டையைச் சேற்றில் இறக்கிவிட வேண்டும். சேறு காய்ந்து வெடித்து, மறுபடி மழை விழுந்தால்தான் அந்த முட்டை பொரிக்கும். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வெள்ளைப் பேசினில் வளர்த்தார். வேலை முடிந்து போனதும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு வருஷம், பதினைந்து பதினாறு தலைமுறை.

"மூணு வாரத்துல செத்துப்போறதப் போய் வளக்குறீங்களே, அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாகும். ஓடிப்போகாதில்ல?" என்றார்.

விஜயன் டீயைத் துப்பிவிட்டான்.

இந்த வருஷம் மார்ச்சில் அந்த மண்சாலைக்குக் கல் கொட்டி ரோலர் ஓட்டினார்கள். பள்ளம் போயிற்று. அவரிடம் மிஞ்சியது ஒரு மார்ஜரின் டின் அளவு காய்ந்த சேறு. ஏப்ரலில் அதில் பாதியைக் கொட்டி, மழைத் தண்ணீர் தீர்ந்துவிட்டதே என்று பைப் தண்ணீரை ஊற்றினார். பொரித்ததெல்லாம் மறுநாளே செத்தது. மீதிப் பாதிக்கு மழை வரும்வரை காத்திருந்தார். நாற்பத்தொன்று பொரித்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. பொட்டைகளின் வயிற்றுப் பையில் முட்டை தெரிகிறது, நாலைந்து நாளில் இறங்கிவிடும், இது மட்டும் தப்பினால் போதும் என்று கேன்டீனில் எங்களிடம் தானாகவே சொன்னார். அவர் எங்களிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று மாலையே வேலை முடிந்து சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபோது, எங்கள் கூட்டத்து கில்பர்ட் புதிதாக வாங்கிய நம்பரிலிருந்து அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டான். என் பக்கம் தள்ளினான். கொசு ஒழிக்கிற ஆபீசர் குரல் எனக்குத் தண்ணி பட்ட பாடு. தடித்த, அலுத்துப்போன, வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற மலாய்.

"என்சிக் வீரமுத்து?"

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"எந்திரிச்சிட்டாரு டா!" என்று கில்பர்ட் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான்.

உங்கள் வீட்டில் ஜெந்திக் இருப்பதாகப் புகார், கொசுப்புழு வளர்த்தால் கோர்ட்டுக்குப் போகவேண்டி வரும் என்றேன்.

"துவான், அது ஜெந்திக் இல்ல, உடாங்," என்றார் அவரும் மலாயில். இறாலாம்.

"உடாங்கா? சமைக்கவா?"

"இல்ல துவான். சும்மா. பாக்குறதுக்கு."

விஜயன் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே ஓடினான்.

கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து கத்தி விளையாட்டை உடைப்பது என்றுதான் பேச்சு. ஆனால் குரல் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. போன வருஷம் டெங்கி வந்தபோது வீடு வீடாகக் கொடுத்த மருந்துப் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

"போடு. நான் லைன்லயே இருக்கேன். நாளைக்குக் காலையில சோதனைக்கு வருவோம்."

"துவான், நாலு நாள் குடுங்க. முட்டை இன்னும் காய், முத்தல. எறங்கினதும் நானே கொட்டிர்றேன். சத்தியமா, துவான்."

"தாக் போலே," என்றேன். முடியாது.

அவர் நடந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு பொட்டலம் கிழிபடும் சத்தம். தண்ணீரில் மணல் விழுவதுபோல ஒரு சத்தம். உள்ளே திரும்பி வந்த விஜயன், "டேய், சொல்லுடா," என்று வாயசைத்தான். நான் சொல்லவில்லை. கில்பர்ட்டும் சொல்லவில்லை. கடைசியில் அவர்தான், "போட்டுட்டேன், துவான். தெரீமா காசே," என்று நன்றி சொன்னார்.

மறுநாள் அவர் லீவு. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அன்று மாலை அதே கடையில் இருந்தபோது அந்த நம்பருக்கு அவரே கூப்பிட்டார்.

"எடு டா, இன்னொரு ரவுண்டு," என்று கில்பர்ட் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"ஹெலோ," என்றேன் தடித்த குரலில்.

"நேத்து முழுக்கச் சட்ட போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். யாரும் வரல. நான் கக்கூஸ்ல இருந்தப்ப வந்துட்டுப் போயிட்டாங்களோன்னு பயமாப் போச்சு. அதான் இன்னைக்கு பஸ் ஏறி குளுவாங் சுகாதார ஆபீசுக்கே போனேன். செத்ததெல்லாம் ஒரு போத்தல்ல போட்டுக் கொண்டுபோனேன், காட்டுறதுக்கு."

அவர் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்க ஒரு அம்மா போத்தல வாங்கிப் பாத்தாங்க. இது ஜெந்திக் இல்லன்னாங்க. எங்க ஆளு யாரும் போன் பண்ணலயேன்னாங்க. அப்புறம் ஏன் மருந்து போட்டேன்னு கேட்டாங்க. என்னா சொல்றது, தம்பி?"

கில்பர்ட் போனை அணைக்கக் கையை நீட்டினான். விஜயன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ மேனேஜர் மாதிரி பேசுவ, ஆபீசர் மாதிரி பேசுவ, என்ன மாதிரியும் பேசுவ. நல்லாத்தான் இருக்கு. மருந்து விழுந்ததும் அதுங்க என்னா செஞ்சுச்சுன்னு நீ பாக்கல. நான் ஒக்காந்து பாத்தேன். மொதல்ல ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. அப்புறம் ஒரே எடத்துல சுத்துச்சு. காலு மட்டும் ஒண்ணொண்ணா நின்னுச்சு. ரெண்டு மணி நேரம்."

நான் என் குரலில் "அண்ணே" என்றேன்.

"நாளைக்கு வேலைக்கு வா. எல்லாரையும் நிக்கச் சொல்லி வைக்கிறேன். அதுங்க செத்தத அப்படியே செஞ்சு காட்டு. தப்பா வந்தா நான் சொல்லித் தர்றேன். சரியா வர்ற வரைக்கும் செய்யணும்," என்றார். போனை வைத்துவிட்டார்.