துருப்பு மாறிய பிறகு

ஓணம் வந்தால் எங்கள் வீட்டில் சீட்டு இறங்கிவிடும். நாஞ்சில் நாடு இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். ஆட்டம் இருபத்தெட்டு. எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டு. அண்ணனும் நானும் ஒரு பக்கம், சித்தப்பாவும் அவர் மகனும் மறுபக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துருப்பு வேறு. முதலில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். திறந்ததும் அதுவரை போட்ட திட்டத்தை விட்டுவிட்டு வேறு மாதிரி ஆட வேண்டும். அண்ணன் அதில் கில்லாடி.

கல்யாணமாகிக் குழித்துறையிலிருந்து வந்த அண்ணி, முதல் ஓணத்திலேயே என் இடத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு ஆட்டம் சும்ம இரிங்க" என்றார். அந்த ஒரு ஆட்டம் வருடக்கணக்காக நீண்டது. அவர்கள் ஜெயிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. தோற்ற அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு நாள் அண்ணன் சைக்கிளில் இறக்கத்தில் வந்து, மாட்டுவண்டி நுகத்தில் நெற்றியை மோதிக்கொண்டார். பேச்சும் ஞாபகமும் பழையபடி வந்துவிட்டன. ஆனால் அடுத்த ஓணத்தில், முந்தின ஆட்டத்து இஸ்பேடு போய் கிளாவர் துருப்பான பின்பும் இஸ்பேடாலேயே வெட்டினார்.

"இப்ப கிளாவர்லா?" என்றார் சித்தப்பா.

"அறியும், கிளாவர்தான்" என்றார் அண்ணன். மறுபடியும் இஸ்பேடையே போட்டார்.

"நெத்திக்குப் பின்னால ஒரு எடம் நெனச்சதப் புடிச்சு வைக்கும், ஒண்ணு தப்புன்னு சொல்லும், ஒண்ணு கையத் தடுக்கும். மூணும் தங்களுக்குள்ள பேசணும். இவருக்கு அந்தப் பேச்சு முறிஞ்சு போச்சு" என்றார் அண்ணனைப் பரிசோதித்த டாக்டர்.

அண்ணி தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். துருப்பை முடிவுசெய்யும் ஏலக்கேள்வி தன் கைக்கு வந்தால் இஸ்பேடையே துருப்பாக வைத்தார். வராவிட்டால், அண்ணன் எதை வீணாக்குவார் என்று பார்த்துத் ஆட்டத்தில் மிகப் பெரிய சீட்டான தன் ஜாக்கியைப் பத்திரப்படுத்தினார். சில ஆட்டங்களை ஜெயிக்கவும் செய்தார்கள். எனக்குப் பொறாமை கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு ஓணத்தன்று அண்ணன் என்னைப் பார்த்து, "ஏலே, இஞ்ச வா. நீதான நமக்குக் கூட்டு?" என்றார். அண்ணி எழுந்து இடம் விட்டார். அப்படியொரு சந்தோஷத்தோடு போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் இஸ்பேடைப் போட்டார். "அண்ணே, கிளாவர்" என்றேன். மீண்டும் இஸ்பேடு. மீண்டும் சொன்னேன். அண்ணன் கைச்சீட்டுகளைக் கீழே வைத்து மறுபடி எடுத்தார்.

அண்ணி என் பின்னால் குனிந்து, "அவியளத் திருத்தாதீங்க தம்பி, நீங்க மாறிக்கிடுங்க" என்றார்.

தலையாட்டினேன். அடுத்த சீட்டு விழுந்ததும், "அண்ணே, கிளாவர்" என்றுதான் என் வாயில் வந்தது. என் நெற்றியில் ஒரு கீறல்கூடக் கிடையாது.