கயிறு பிடித்த மச்சான்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த எழுபதுகளின் நடுப்பகுதி. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

அன்று காலை இரண்டு பேருக்கு ஆபரேஷன். ஒருவர் கப்பலில் விழுந்து கால் முறிந்த வெள்ளைக்கார மாலுமி. அடுத்த கட்டிலில் குடல்வால் எடுத்த சங்குகுளிக்காரர். வலிக்கு இருவருக்கும் ஒரே ஊசிதான் போட்டேன். அந்த ஊசி மூச்சை மந்தமாக்கும், அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று படித்தவள்தான் நான். வெள்ளைக்காரருக்குக் கால் மணிக்கு ஒருமுறை எண்ணினேன். இவரோ வெயிலில் கறுத்து இறுகிய கடல் உடம்பு; தண்ணீருக்குள் தம் கட்டுகிற ஆளுக்கு மூச்சு மெதுவாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சங்கு குளிக்க இறங்குபவரின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பது பெரும்பாலும் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். கூடப் பிறந்தவள் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் அசந்துவிடமாட்டார் அல்லவா? இவருக்குக் கயிறு பிடிக்கும் மச்சானும் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் என்னிடம் வந்து, மூச்சு சரியில்லை என்றார். குளிக்கிறவர்களுக்கு அப்படித்தான் அண்ணாச்சி என்று சிரித்து அனுப்பப் பார்த்தேன்.

அவர் நகரவில்லை. "சிஸ்டரம்மா, கடலுக்குள்ள இப்படி இருந்தான்னா இந்நேரம் கயித்த இழுத்திருப்பேன். இங்கன நான் எதைப் பிடிச்சு இழுக்க?"

ஓடினேன். கறுத்த தோலில் ஒன்றும் தெரியவில்லை. விரல் நகத்தைப் பார்த்தால் நீலம் பாரித்திருந்தது. நிமிடத்துக்கு ஐந்து மூச்சுகூட இல்லை. டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். டாக்டர் வந்து, ஆக்சிஜன் வைத்து, அந்த மருந்தை முறிக்கும் மாற்று ஊசி போட்டார். மச்சானோ படுத்திருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கி, மேலே வா, மேலே வா என்று கூப்பிட்டபடியே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கண் விழித்தவர் மச்சானை முறைத்தார். "ஏம்லே அதுக்குள்ள இழுத்த? இப்பதான ரெண்டு சங்கு கண்ணுல பட்டுது."

வார்டே சிரித்தது. ஒன்றும் புரியாத மாலுமியும் சேர்ந்து சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அப்புறம் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று அதுகூட இனித்தது.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, அந்த ஊசி போட்ட ஒவ்வொருவர் பக்கத்திலும், அவர் எந்த நிறமானாலும், என் கையில் ஒரு கயிறு இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் மூச்சை எண்ணினேன்.