ஆன்மா பூசை வைத்த பிறகு படத்தில் வந்த என் நைனா

காணாமற்போனதைத் தேடித் தருகிற ஆண்டவருக்கு நன்றி, பங்கு மக்களே. சொல்லும்போது எனக்கு அழுகை வரும், கோபமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டெல்லா. சத்தியவேட்டிலிருந்து கம்பெனி வேலைக்குப் போகிறவள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் நைனாவுக்கு மறதி நோய். சாப்பிட்ட கையோடு மறுபடியும் சோறு கேட்பார். போன வருஷம் கோடையில் அண்ணன் அவரைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். தனியாகத் திரும்பி வந்தான். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் கை நழுவிவிட்டது என்றான்.

தேடாத இடமில்லை. ரேணிகுண்டா ரயில் ஸ்டேஷனில் போர்வை போர்த்திப் படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன். செவ்வாய்க்கிழமை தவறாமல், தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. செத்துப்போன நம் வீட்டாரின் பெயர்களைக் கொடுப்போம், சாமியார் பூசையில் வாசிப்பார் இல்லையா? எனக்குத் தெரியாமல் அண்ணன் நைனாவின் பெயரைக் கொடுத்திருந்தான். "மரியதாஸ்" என்று வாசித்தபோது முழங்காலில் இருந்தேன்.

வெளியே வந்து கேட்டால், "எத்தினி நாளுக்குத் தேடிக்கினு இருப்பே? ஆன்மாவாவது கரையேறட்டும்" என்றான்.

அன்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். பிணமாகவாவது கொடு என்று கேட்டேன். ஒரு மகள் வேண்டுகிற செபமா அது?

இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்ததும் கோயிலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். ரேணிகுண்டா ஸ்டேஷனைச் சுற்றிக் கிடக்கிறவர்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, சோறு போட்டு, தன் ஷெட்டில் தங்க வைக்கிற பவுலன்னாவைப் பற்றி அந்த ஊர் இளைஞர்கள் எடுத்த படம். அன்றுவரை நமக்கு அவரைத் தெரியாது. அவரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

படத்தில் ஒரு கிழவர். தலை சடை பிடித்துக் கிடந்தது, இடுப்பில் கோணி. பக்கத்து ஆள் சாப்பிட்டு முடித்த இலையைப் பிடுங்கி நக்கினார். சனம் சிரித்தது. யாரோ விசில்கூட அடித்தார்கள். பவுலன்னா ஈரத்துணியால் அந்த முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க என் நைனாவின் முகம் வந்தது.

"நிறுத்துங்க! அது எங்க நைனா!" என்று கத்திக்கொண்டே துணிக்கு முன்னால் போய் நின்றேன்.

"மறைக்குது, உக்காரும்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பவுலன்னாதான் எழுந்து வந்தார். "ஆ தாதய்யாவா? அந்தக் கெழவரு நம்ம ஷெட்டுலதாம்மா இருக்காரு. பேரு கேட்டா சொல்லத் தெரியல. வா, போலாம்."

ஷெட்டில் நைனாவைப் பார்த்தேன். கால் விரல்கள் அழுகி, சிலவற்றை எடுத்துவிட்டிருந்தார்கள். என்னை "சிஸ்டரம்மா" என்று கும்பிட்டார். அப்படியே கட்டிப்பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

வாசலில் அண்ணன் நின்றான். "பூசை வெச்சு முடிச்சவர எதுக்குக் கூட்டிக்கினு வரே?"

மகளையே மறந்த மனிதர், அந்தக் குரலை மறக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்.

"வேணாம்பா. பஸ் ஸ்டாண்டுல உக்கார வெச்சிட்டுப் போவாத. நான் இனிமே சோறு கேக்க மாட்டேன்."

கை நழுவவில்லை. நான் கேட்டது நைனாவை மட்டும். ஆண்டவர் உண்மையையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்.

அண்ணன் சென்னைக்குப் போய்விட்டான். நைனா என்னோடு இருக்கிறார். கேட்கும்போதெல்லாம் சோறு போடுகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பவுலன்னாவோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். இப்போது யாரையும் தாண்டி நடப்பதில்லை, குனிந்து முகம் பார்க்கிறேன். அன்று சிரித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்களும் வாருங்கள், நகம் வெட்ட ஆள் போதவில்லை.

கேளுங்கள், கொடுப்பார். அவர் கொடுப்பதை வாங்கும்போது கை நடுங்கும். ஆனாலும் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள்.

அண்ணனுக்காகச் செபிக்க மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆரம்பித்தாலே பல்லைக் கடிக்கிறேன். எனக்கு மனசு இளகுகிற வரைக்கும் நீங்கள் அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் பிரான்சிஸ்.