லிமோசினை விட்டு இறங்கி நடந்தது

இல்லை, வாகனத்தில் ஒரு பழுதும் இல்லை. நானாகத்தான் இறங்கி நடந்தேன்.

என் சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு விழா) வீடியோவை மச்சாள் குடும்பக் குழுவில் போட்டதிலிருந்து எல்லோரும் இதைத்தான் கேட்கிறீர்கள். வெள்ளை லிமோசின் வீதிக்குள் திரும்புகிறது. அடுத்த காட்சியில் நான் மண்டப வாசலில் நிற்கிறேன், சேலைக் கரை நனைந்து. இடையில் வெட்டிவிட்டார்கள்.

வெட்டியது இதுதான்.

புகை மணம். ஹெயர் ஸ்பிரேயின் மணத்தையும் மீறி. நான் கைகாட்ட வேண்டும் என்று பின் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வாகனம் நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. புகை அந்த ஜன்னலால்தான் வந்தது.

சுவிஸில் ஷ்லீரன். நவம்பர். பழைய தொழிற்சாலை ஒன்றின் பக்கத்தில் மண்டபம்...

முதல்முறை இறங்கியபோது வீடியோவுக்கு வெளிச்சம் போதவில்லை. இரண்டாம்முறை தோழி ஒருத்தி கமராவைப் பார்த்துவிட்டாள்.

"தங்கச்சி, உள்ளுக்குப் போய் இருந்திட்டு இன்னொருக்கா இறங்குங்கோ," என்றார் வீடியோ எடுத்த அண்ணை. "வசந்தன் அண்ணை, எஞ்சினை நிப்பாட்டிப் போடாதேங்கோ. புகை வந்தால்தான் படம் எடுப்பாய் இருக்கும்."

வாகனம் வசந்தன் அண்ணையுடையது. ஓட்டுவதும் அவர்தான்.

"நிப்பாட்டினால் திருப்பி ஸ்டார்ட் வாறதுக்குக் கோயிலுக்கு நேத்தி வைக்க வேணும்," என்றார்.

எதிர்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. எஞ்சினை நிறுத்தும்படி ஒரு பெண் ஜெர்மனில் கத்தினார். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இவைக்கு எங்கட கொண்டாட்டம் எண்டாலே கண்ணுக்குள்ள குத்தும்."

நான் திரும்ப உள்ளே ஏறி, வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலால் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, சத்தி வருது. எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"இன்னும் கொஞ்ச நேரம்தானே அம்மா. சனம் பார்க்குது."

"நிப்பாட்டினால்தான் உள்ளுக்கு இருப்பன்."

"பிடிவாதம் பிடிக்கிற நாளோ இது?"

ஓம். அந்த நாள்தான்.

சேலையின் நிறத்தை என்னிடம் கேட்கவில்லை. கேக்கின் உயரத்தைக் கேட்கவில்லை. என் உடம்பில் நடந்ததை யார் யாருக்குச் சொல்வது என்றும் கேட்கவில்லை. நான் மூச்சுவிடும் காற்றைப் பற்றியாவது கேட்டிருக்கலாம்.

கதவைத் திறந்து இறங்கி, மண்டப வாசலுக்கு நடந்தேன். ஈர வீதியில், முழு அலங்காரத்தோடு. நாதஸ்வரக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசித்தபடியே பின்னால் ஓடி வந்தார்.

எதிர்மாடிப் பெண் கைதட்டினார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். அவருக்காக நான் இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் பல்கலைக்கழகத்தில் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். லிமோசினை நினைத்து, என் அப்பாவை நினைத்து. பனிச்சறுக்கு விடுமுறைக்குப் பெரிய ஜீப்புகளில் மலையேறும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களின் புகை அவர்களுக்கு மணக்கவில்லை. மற்றவர்களின் அலுவலகங்களைத் துடைத்த ஒரு மனிதர், ஒரே ஒரு நாள் தன் மகள் பெரிய வாகனத்தில் வந்து இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு உரிமையில்லை. அந்தப் புகையை நான் ஏற்கவும் இல்லை.

இரண்டையும் ஒன்றாகச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

இப்போது ஆரா நகரில், ஒரு சின்னப் பட்டறையில் வேலை. பழைய வாகனங்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பற்றறியும் பொருத்துகிறோம். போன வாரம் இழுவை வண்டியில் ஒரு வெள்ளை லிமோசின் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ரயில் நிலையத்திலிருந்து நடந்து, மூச்சு வாங்க வசந்தன் அண்ணை. தலை முழுக்க நரை. வாகனம் புகைச் சோதனையில் தோற்றுவிட்டதாம்.

என்னைக் கண்டதும் நெற்றியில் கை வைத்தார்.

"ஐயோ, நீரோ! அண்டைக்கு இறங்கி நடந்த பிள்ளை!"

"ஓம். இண்டைக்கு நீங்கள் நடந்து வந்திருக்கிறியள்."

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கரண்டில ஓடட்டும், நல்லது. ஆனால் நிக்கேக்க ஒரு உறுமல் வேணும். ஸ்பீக்கரில போடலாமாம். பின்னால ஒரு புகை மெசினும் வைச்சு விடும். சனம் அதைத்தான் கேக்குது."

"மெதுவா ஓடேக்க றோட்டில நடக்கிற ஆக்களுக்குக் கேக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வைப்பம். நிக்கேக்க ஒண்டும் இல்லை. புகையும் இல்லை."

"சத்தமில்லாமல் ஒரு பிள்ளை வந்து இறங்கினால் ஆருக்குத் தெரியும்?"

"அந்தப் பிள்ளைக்குத் தெரியும்."

"அப்ப நான் வேற இடத்தில கேக்கட்டோ?"

கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாது. ஆனால் கை தவறிப் போகும் வேலை எந்த மொழியிலும் தெரியும். இந்தக் குளிர்காலத்துக்கு எங்களுக்கு வந்த ஒரே பெரிய வேலை இது.

"கேளுங்கோ," என்றேன்.

"கொப்பரோட ஒருக்காக் கதைக்கட்டோ?"

"கதையுங்கோ. அந்த வீடியோவை அப்பா இன்னும் என்னோட இருந்து பார்க்கிறேல்லை. நீங்களாவது பார்க்கச் சொல்லுங்கோ."

அவர் வாகனத் திறப்பைக் கைக்குள் உருட்டிக்கொண்டே நின்றார்.

அன்றைக்கு என் பிடிவாதத்தை வெட்டி எறிய வீடியோக்காரரின் ஒரு சொடுக்குப் போதுமாக இருந்தது. இன்றைக்கு என் கையெழுத்து இல்லாமல் இந்தப் பட்டறையிலிருந்து ஒரு வாகனமும் வெளியே போகாது. ஆனாலும் அந்தச் சின்னப் பிள்ளையைத்தான் நினைக்கிறேன்... அவளுக்கு மோட்டார் தெரியாது, பற்றறி தெரியாது. கதவைத் திறக்க மட்டும் தெரிந்திருந்தது. அந்தத் துணிச்சல் இப்போதும் அதே அளவில் என்னிடம் இருக்கிறதா என்று சில நேரம் தெரியவில்லை.

வசந்தன் அண்ணை திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

நான் பொனெட்டைத் திறந்தேன். பற்றறி வயரைக் கழற்றினேன். எஞ்சினில் சங்கிலியைக் கொளுவினேன்.